முப்பத்தேழு பாகை

பள்ளிக்கூடப் பையின் அடியில்
கடைக் கரடிகள் ஏழும் உருகி
ஒரே கரடியாய்க் கிடந்தன.
காதுகள் மட்டும் பதினான்கு.
"இதுக்கு என்ன பேர் வைக்கலாம் அம்மா?" என்றாள் யதுசா.
நான் உறையைப் படித்துக்கொண்டிருந்தேன்:
நிறமூட்டிகளின் எண்கள் மூன்று,
எந்த விலங்கின் எலும்பென்று சொல்லாத ஜெலட்டின்.
ஆனி மாதம். உப்புவெளி.
கச்சான் காற்று வாசலில் நின்று
அடுப்பு ஊதுகிற மத்தியானம்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை.
வட்டத் தட்டுகளில் பாசிக்கூழ் ஊற்றி
யாரோ ஒருவரின் தொண்டை தொட்ட பஞ்சால்
அதன்மேல் கோடிழுத்து
முப்பத்தேழு பாகைப் பெட்டிக்குள் மூடுகிறவள்.
விடிந்தால் முளைத்திருக்கும்
கடுகிலும் சிறிய வெண்புள்ளிகள்.
எண்ணுவோம், எழுதுவோம், அழிப்போம்.
கூழ் மட்டும் இளகாது.
உடம்புச் சூட்டுக்கு அசையாது என்பதற்காகவே
அதற்கு இந்த உத்தியோகம்.

"அப்ப வீட்டிலயும் அதையே காய்ச்சன்" என்றாள் றிஸ்மியா,
நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணெடுக்காமல்.
திங்கட்கிழமை கிண்ணியாவிலிருந்து
ஒரு பொதி வந்தது.
அவளுடைய மாமி பல தண்ணீரில் அலசி
பல வெயிலில் வெளுக்கவைத்த கடற்பாசி,
நோன்புக்கு எடுத்ததில் மிச்சம்.
சிக்குப்பட்ட தங்கூசிச் சுருள் மாதிரி.
ஊறவைத்ததும்
குடா முழுக்க குசினிக்குள் வந்துவிட்டது.
"மீன் மிட்டாயா?" மூக்கைப் பொத்தினாள் மகள்.

கொதித்தது. துணியில் வடித்தேன்.
கொடித்தோடை ஐந்து,
ஒரு பேணி நாவற்பழம், தேன்.
புளிப்பை இறக்கியபிறகுதான் ஊற்றவேண்டும்;
கொதியில் சேர்த்தால் பாசி மனம் விட்டுவிடும்.
இதைச் சொல்லித்தந்தது தோற்றுப்போன முதல் சட்டி.
அதை நான் யாருக்கும் தெரியாமல்
இரண்டு குவளையாகக் குடித்து முடித்தேன்.

இரண்டாம் சட்டி ஊற்றும்போது கரண்ட் போனது.
குளிர்சாதனப் பெட்டி ஒரு பெருமூச்சோடு அடங்க,
உறைவதற்குப் பனி வேண்டாம் என்று
பாசி தானே இறுகத் தொடங்கியது.
கரடி அச்சு வீட்டில் இல்லை. சாஸர்கள் இருந்தன.
கை தன் பழக்கத்தில்
விரல் மொத்தத்துக்கு ஊற்றி, சரித்து, குமிழ் உடைத்து,
மூடியைச் சற்றே திறந்துவைத்தது.

மேலே தூவினேன் சீனி.

ஊதாத் தட்டில் வெண்புள்ளிகள்.
நேற்றைய இலக்கம் இருநூற்றுப் பதினாலு:
பெண், வயது ஏழு, காய்ச்சல் மூன்று நாள்.
மருந்து எழுதியாயிற்று, பெயர் எனக்குத் தெரியாது.
கரண்டி கையிலேயே நின்றது.

யதுசா காத்திருக்கவில்லை.
கத்தியால் ஒரு மூலை அறுத்து
வாயில் போட்டு யோசித்தாள்.
"கடைக் கரடி இழுபடும். இது உடையுது."
பிறகு இன்னொரு மூலை.
"ஆ காட்டு" என்றேன்.
ஊதா நாக்கு.
டோர்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தேன்,
தேவைக்கும் கொஞ்சம் அதிக நேரம்.
"மிட்டாய் உள்ள போயிட்டுதா என்று பாக்கிறியா?"
"ஓம்" என்றேன்.

அடுத்த நாள் ஆறு துண்டு கொடுத்தனுப்பினேன்.
அன்றும் அதே வெயில்; தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது.
பின்னேரம் பையைத் திறந்தால்
கொப்பிகளுக்குக் கீழே ஒரேயொரு துண்டு,
நான் வெட்டிய முனை மழுங்காமல்.
அதன் ஓரத்தில் ஒரு கடி,
வரிசை குலையாத முன்பற்களின் தடம்.

யதுசாவுக்கு முன்பல் விழுந்து
இரண்டு கிழமை.